நாற்பது இலக்கக் காசு

ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுத் தரச் சொல்லி யாராவது துப்பறியும் ஆபீஸின் மூன்று மாடி ஏறி வருவார்களா? ஒருத்தி வந்திருந்தாள். அவள் கணக்கு டீச்சர் என்பதுதான் இதில் கூத்து.

"வகுத்தலா?" என்றார் மீட்டர். "மேடம், கீழ் மாடி டியூஷன் சென்டரைத் தாண்டி தெரியாம மேல வந்துட்டாங்க போல."

"மீட்டரை ஆஃப் பண்ணுங்க" என்றாள் ஊசி.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பொய் கிளெய்ம்களைக் குத்திக் குத்திக் காற்று இறக்கியதால் அவளுக்கு ஊசி என்று பெயர். முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியதால் இவருக்கு மீட்டர். டாக்ஸியை விற்றாகிவிட்டது, பேச்சு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வந்திருக்கிறாள். மேஜையில் இரண்டு தாள்களை வைத்தாள். ஒன்று பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு. அதன் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் ஒரு பெருக்கல், அடியில் நாற்பது இலக்கத்தில் விடை. இன்னொன்று நீளவாக்கில் மடித்த கட்டம் போட்ட தாள். அதில் பதிமூன்று இலக்கத்தில் ஒரே ஓர் எண், கடைசியில் ஏழு.

"இந்தப் பெரிய எண்ணை இந்தச் சின்ன எண்ணால வகுக்கணும். மீதி வருதா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்."

"நீங்களே போடலாமே?"

"போடலாம். கம்ப்யூட்டர்ல கண் சிமிட்டற நேரம். முந்தாநாள்லேருந்து தாளை எடுக்கறேன், வைக்கறேன். தைரியம் வரல."

ஊசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு நாளில் அவளிடம் வந்தவர்கள் எல்லோரும் தெரியாததைக் கண்டுபிடிக்கச் சொன்னவர்கள். இவள் தெரிந்துவிடுமோ என்று பயந்து வந்திருக்கிறாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க."

டீச்சர் சொன்னாள். அக்கா, தங்கை இரண்டு பேரும் கணக்குப் படித்தவர்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. அதே வாரம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டி சரியில்லை. யாராவது ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டும்.

"அவ அப்ப வேற ஊர்ல படிச்சிட்டிருந்தா. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல. பூவா தலையா போட்டுடலாம்னு முடிவு பண்ணினோம்."

"போன்லயா?" என்றார் மீட்டர். "காசு யார் கையில இருக்கோ அவங்க சொல்றதுதானே தலை?"

"அதுக்குத்தான் எண்ணு. பகா எண்ணுன்னா என்னன்னு தெரியுமில்ல? ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாதது. அந்த மாதிரி ரெண்டை அவ ரகசியமா எடுத்துப் பெருக்கி, விடையை மட்டும் எனக்குச் சொல்லணும். அந்த ரெண்டுல சின்ன எண் மூணுல முடியுதா, ஏழுல முடியுதான்னு நான் ஒரு நிமிஷத்துக்குள்ள சொல்லணும். அப்புறம் அவ ரெண்டு எண்ணையும் காட்டுவா. நான் பெருக்கிச் சரிபார்த்துக்கலாம்."

"அவங்க நடுவுல மாத்திட்டா?"

"முடியாது. விடையை முதல்லயே சொல்லியாச்சு. எந்த எண்ணையும் பகா எண்களாப் பிரிச்சா ஒரே ஒரு விதமாத்தான் பிரியும். நீங்க பிரிச்சாலும் நான் பிரிச்சாலும் அதேதான் வரும்."

"மனுஷங்களை விட யோக்கியம்" என்றார் மீட்டர்.

"நான் ஏழுன்னு சொன்னேன். அவ காட்டின சின்ன எண் மூணுல முடிஞ்சுது. அங்கயே பெஞ்சுல உக்காந்து இந்தச் சீட்டுல பெருக்கிப் பார்த்தேன். கச்சிதமா வந்துச்சு. அவ போனா, நான் இருந்தேன். அப்பா ஒன்பது வருஷம் படுக்கையில இருந்து போய்ச் சேர்ந்தார். இப்ப அம்மா, வாக்கர் இல்லாம நடக்க முடியாது." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இப்ப அதே நிலையம் என்னை ஒரு வருஷத்துக்குக் கூப்பிடுது. வியாழக்கிழமை கிளம்பணும். அந்த ஒரு வருஷம் அம்மாவை நீ வச்சுக்கோன்னு தங்கச்சியைக் கேட்டேன். தனக்கும் முடியாதாம். அன்னிக்கு மாதிரியே போட்டுப் பார்த்துடலாம்கான்னா. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடுவா."

"இந்தத் தாள்?"

"ஞாயித்துக்கிழமை வாசக்கதவுத் தபால் கூடையில கிடந்துச்சு. ஸ்டாம்ப் இல்ல, பேர் இல்ல. ஆனா எழுத்து அவளோடது. ஏழுக்கு நடுவுல கோடு போடறது எங்க வீட்டுலயே அவ மட்டும்தான்."

ஊசி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள். நாற்பது இலக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். மீட்டர் பின்னால் நின்று சீட்டைப் பார்த்து ஒருமுறை ஒப்பிட்டுச் சரிபார்த்தார். பிறகு அந்தப் பதிமூன்று. பட்டனை அழுத்தினாள்.

"மீதி?" என்றாள் டீச்சர், ஜன்னலைப் பார்த்தபடி.

"பூஜ்யம்."

டீச்சர் தலையாட்டினாள். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மீட்டருக்குத் தேவைப்பட்டது.

"பூஜ்யம்னா நல்லதா கெட்டதா?"

ஊசி ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள். "சின்னதாப் போட்டுக் காட்டறேன். நான்தான் தங்கச்சி. ரெண்டு பகா எண்ணைப் பெருக்காம திருட்டுத்தனமா மூணைப் பெருக்கறேன். பதிமூணு, பதினேழு, பத்தொம்பது. மொத்தம் நாலாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பது. இப்ப நீங்க சொல்லுங்க, மூணா ஏழா?"

"ஏழு."

"பதிமூணு பெருக்கல் முந்நூத்தி இருபத்து மூணு. சின்னது மூணுல முடியுது. தோத்தீங்க."

"சரி, மூணு."

"பதினேழு பெருக்கல் இருநூத்தி நாப்பத்தேழு. சின்னது ஏழுல முடியுது. இப்பவும் தோத்தீங்க."

மீட்டர் காகிதத்தைப் பிடுங்கி இரண்டு பெருக்கலையும் போட்டுப் பார்த்தார். இரண்டும் நாலாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றன. "அந்த முந்நூத்தி இருபத்து மூணு பகா எண் இல்லையா?"

"பார்த்தா அப்படித்தான் இருக்கும். உள்ள பதினேழும் பத்தொம்பதும் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அடப்பாவமே! ரெண்டு பக்கமும் பூ போட்ட காசு!" என்றார் மீட்டர். சொன்ன பிறகுதான் டீச்சரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"நான் பெருக்கிப் பார்த்தேன்" என்றாள் டீச்சர் மெல்ல. "அவ காட்டின பெரிய எண் பகா எண்தானான்னு பார்க்கல. பசங்களுக்கு தினம் சொல்றேன், சரிபார்க்காத விடை விடையே இல்லன்னு. மார்க்கைக் குறைக்கறேன்."

கோபம் ஊசிக்குத்தான் வந்தது. ஊர் பேர் தெரியாதவன் ஏமாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனி தாங்கும். கூடப் பிறந்தவள், அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, உட்கார்ந்து நிதானமாக மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"உங்க கணக்கு முடிஞ்சுது" என்றாள். "இன்னும் ஏதாவது வேணுமா?"

"இதை யார் போட்டாங்கன்னு தெரியணும். ஆறு மணிக்குள்ள." டீச்சர் கையைப் பிசைந்தாள். "அவளே மனசு கேக்காம யார் மூலமாவது போட்டிருந்தான்னு வைங்க, அப்ப வேற. வாயால சொல்ல வெக்கப்பட்டு எழுத்தால சொல்லியிருக்கான்னு எடுத்துப்பேன். மன்னிச்சுடுவேங்க. நிஜமாவே மன்னிச்சுடுவேன்."

ஊசி தாளை விளக்கடியில் பிடித்தாள். நீளவாக்கில் மூன்று மடிப்பு. மடித்தால் மூன்று விரல் அகலம்தான். மேஜையில் பிரித்து வைத்தால் உடனே சுருண்டுகொண்டது. மடிப்புக்குள் பஞ்சு மாதிரி நீல நூல் தூள் ஒட்டியிருந்தது. ஓரத்தில் ஒரு துருக் கோடு, அரை நிலா வடிவத்தில்.

"பர்ஸா?" என்றார் மீட்டர்.

"பர்ஸ்ல வச்சா குறுக்கால மடிப்பாங்க. வாங்க, அந்தத் தபால் கூடையைப் பார்ப்போம்."

மூன்று மணிக்கு டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள். கதவின் நடுவே தபால் போடும் பித்தளை மடல். மீட்டர் வெளியிலிருந்து அதைத் தள்ளிக் கையை எடுத்தார். ஸ்பிரிங் இழுத்து மடல் மூடிய சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்றாள் ஊசி.

"இதோ, இந்த முன் ரூம்லயே. பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு. காலையிலேருந்து ரெண்டு மணி வரைக்கும்."

"மடல் சத்தம் கேட்டுதா?"

டீச்சர் யோசித்தாள். "இல்ல."

"நாய்?"

"குரைக்கல."

"ரெண்டு மணிக்கு அப்புறம்?"

"ஒரு மணி நேரம் மருந்துக்கடைக்குப் போனேன். வந்து பார்த்தா கூடையில கிடந்துச்சு."

"அப்ப அந்த ஒரு மணி நேரத்துல எவனோ வந்து போட்டுட்டுப் போயிருக்கான்" என்றார் மீட்டர். "எதிர்வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரேன்." போன வேகத்தில் திரும்பி வந்தார். "வராந்தாவுலயே பேப்பர் படிச்சிட்டிருந்தாராம். யாரும் வரல, நாயும் வாயைத் திறக்கலன்னு அடிச்சுச் சொல்றார். ஆவியாத்தான் இருக்கும் மேடம். நான் கிளம்பறேன்."

ஊசி கதவின் உள்பக்கம் வந்தாள். கம்பிக் கூடை மேலே திறந்துதான் இருந்தது. மடலைத் தொடாமலே ஒரு தாளை அதற்குள் நழுவவிட்டாள். சத்தமே இல்லை. குனிந்தபோது மெழுகு போட்ட தரையில் நான்கு நான்காகச் சின்ன ரப்பர் வட்டங்கள் தெரிந்தன. உள் அறையிலிருந்து கதவு வரை வந்து, திரும்பிப் போயிருந்தன.

"அம்மா முன் ரூமுக்கு வருவாங்களா?"

"வரமாட்டாங்க. கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும்தான். அதுக்கே நான் பிடிக்கணும்." சொல்லிக்கொண்டே டீச்சர் தரையைப் பார்த்தாள். பிறகு தானே முன்னால் உள் அறைக்கு நடந்தாள்.

உள் அறையில் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் கண் தெளிவாக இருந்தது. தலைமாட்டு மேஜையில் மாத்திரை டப்பா, தண்ணீர், ஒரு பழைய தகர மூக்குக்கண்ணாடிக் கூடு.

"நல்லா இருக்கீங்களா அம்மா? உங்க கண்ணாடிக் கூட்டை ஒரு நிமிஷம் பார்க்கலாமா?"

"அது அவரோடது" என்றாள் அம்மா. ஆனால் தடுக்கவில்லை.

கூட்டுக்குள் நீல வெல்வெட் துணி உதிர்ந்துபோயிருந்தது. மூடியின் கீல் துருப்பிடித்திருந்தது, அரை நிலா வடிவத்தில். ஊசி தாளை மடித்து உள்ளே வைத்தாள். பதினோரு வருஷம் படுத்த படுக்கை அதற்குத் தெரிந்திருந்தது, அப்படியே போய்ப் பொருந்தியது.

மீட்டர் வாயைத் திறந்தார். ஊசி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"கட்டில்லேருந்து கதவு வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு அம்மா?" என்று கேட்டாள் ஊசி.

"போக இருபது நிமிஷம். வர அரை மணி" என்றாள் அம்மா. "அவ கடைக்குப் போற நேரமாப் பார்த்து ஒரு வாரம் பழகினேன்."

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்கு எப்படிம்மா கிடைச்சுது?"

"அவ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வந்தாளே, அப்ப பெட்டியில துணி மடிச்சு வச்சேன். புஸ்தகத்துக்குள்ள இருந்துச்சு. எனக்கு என்ன கணக்கா தெரியும்? என்னடி இதுன்னு சும்மாத்தான் கேட்டேன். அழுதுட்டா. அக்கா மூணுன்னு சொல்லியிருந்தா இதைக் காட்டியிருப்பேன்மான்னா. எல்லாத்தையும் சொல்லிட்டா."

"போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பதினோரு வருஷமா."

அம்மா போர்வையை நீவிவிட்டாள். "உங்கப்பாவைத் தூக்கி உக்கார வைக்க அவளால முடியாதுடி. பொறுமை இல்ல அவளுக்கு. ரெண்டு பேர்ல யார் வீட்டுல இருந்தா நல்லதுன்னு என்னைக் கேட்டிருந்தா நானும் உன்னைத்தான் சொல்லியிருப்பேன். தானா அப்படி அமைஞ்சுடுச்சு, வாயை மூடிக்கிட்டேன். தினம் நீ ஊட்டிவிட்டே. நான் சாப்பிட்டேன்." கூட்டைப் பார்த்தாள். "மறுபடியும் அதே மாதிரி போடப் போறீங்கன்னு போன்ல பேசறது காதுல விழுந்துது. ரெண்டாவது தடவையும் பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல."

டீச்சர் அழவில்லை. அழுதிருந்தால் ஊசிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்பை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தாள் அவள், தங்கைக்காக. அதை வாங்கிக்கொள்ள வேண்டியவள் வரவே இல்லை. வேறு ஒருத்தி வந்து நிற்கிறாள், அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

"நாங்க கிளம்பறோம்" என்றாள் ஊசி.

"இருங்க" என்றாள் டீச்சர். "ஆறு மணி வரைக்கும் இருங்க. தனியா இருந்தா நான் மறுபடியும் சரின்னு சொல்லிடுவேன்."

இருந்தார்கள். மீட்டரே சமையலறைக்குப் போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான்கு பேரும் குடித்தார்கள், ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போதே போன் வந்தது. டீச்சர் அதை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் கட்டிலில் வைத்தாள்.

"அக்கா, எண்ணு மெசேஜ்ல அனுப்பிட்டேன், வந்துச்சா?" தங்கையின் குரல் படபடவென்று வந்தது. "நாப்பது இலக்கம். அன்னிக்கு மாதிரியேதான். சொல்லு, மூணா ஏழா?"

"எத்தனை பகா எண்டி?" என்றாள் டீச்சர்.

"என்னது?"

"உள்ள எத்தனை வச்சிருக்கே? ரெண்டா, அன்னிக்கு மாதிரி மூணா?"

சுவர்க் கடிகாரம் ஆறு அடித்து முடித்தது.

"அக்கா" என்றாள் தங்கை கடைசியில். குரல் சின்னதாகியிருந்தது. "நீ அன்னிக்கே கண்டுபிடிச்சுடுவேன்னு நெனச்சேன்கா. உனக்கு ரெண்டு நிமிஷ வேலை. நீ கூப்பிட்டுத் திட்டுவேன்னு மறுநாள் பூரா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நீ கூப்பிடவே இல்ல."

"நீ குடுத்ததுன்னு பார்க்கல."

தங்கை விசும்புவது கேட்டது. "இந்தத் தடவை ரெண்டே ரெண்டுதான்கா. சத்தியமா. வேணும்னா பிரிச்சுப் பார்த்துக்கோ."

"இருக்கும்டி. ஆனா இனிமே நீ என்ன சொன்னாலும் நான் பிரிச்சுப் பார்க்கணும். அதைத்தான் என்னால தாங்க முடியல." டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணும் இல்ல, ஏழும் இல்ல. நான் வியாழக்கிழமை கிளம்பறேன். புதன்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

பதிலுக்குக் காத்திராமல் போனை அணைத்தாள்.

அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை எட்டி எடுக்கப் போனாள். மீட்டர் முந்திக்கொண்டு இறக்கிக் கொடுத்தார். அம்மாவின் புடவைகள், போர்வை, மாத்திரை டப்பா. எல்லாவற்றையும் பள்ளிக்கூட ஒழுங்கோடு அடுக்கினாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்மேலயும் கோவமாடி?"

டீச்சர் கூட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். காலிக் கூட்டை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"எந்த மாத்திரை எப்பன்னு பெரிய எழுத்துல எழுதித் தரேன்" என்றாள். "அவ குடுக்கறப்போ கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா சரிபார்த்து வாங்கிக்கம்மா. நான் செஞ்ச தப்பை நீ செய்யாதே."